வாசல் மிதிக்காமல் ஏற்றிய விதைநெல்

எங்கள் சந்தியில் வெள்ளம் வரும் என்றால் முதலில் என்னுடைய கட்டடத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே ஆட்கள் ஓடித் திரிகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றக் கடைக்காரர் தங்கள் சாமானைத் தொடுவார்கள். வானொலியை நம்பாதவனும் என்னை நம்புவான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மூட்டை தூக்கும் நாட்டாமையாக இருந்தவன், வாவிக்கரையில் இரண்டு மாடி கட்டி அதை எந்த மாரிக்கும் அசையாமல் வைத்திருந்தால், அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

காற்றைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. எழுபத்தெட்டுச் சூறாவளியில் நான் ஒரு நெல்லுக் களஞ்சியத்தில் மூட்டைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தேன். முன்கதவு நின்ற வரைக்கும் கூரையும் நின்றது. கதவு பிய்ந்த கையோடு கூரை முழுதாக எழும்பிப் போனது. உள்ளே வந்த காற்று வெளியே போக வழி கேட்கும், வழி கொடுக்காவிட்டால் கூரையைக் கழற்றிக்கொண்டு போகும் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. முதலாளி ஆணி போதாது என்று தச்சனைத் திட்டினார். நான் வாய் திறக்கவில்லை. அந்த நாளில் நாட்டாமையின் வாய்க்கு மதிப்பில்லை.

பிறகு நெல் வாங்கி விற்றேன், பிறகு சொந்த லொறி, கடைசியில் இந்தக் காணி. வாவிக்கு அக்கரையான படுவான்கரை வயற்காரன் பாலத்தைக் கடந்து வந்து இறங்குகிற முதல் இடம் இது. பள்ளக்காணி என்று எல்லாரும் விட்டதை நான் பிடித்து மண் கொட்டினேன். அத்திவாரத்தை இடுப்பளவுக்கு எழுப்பியபோது, "விதைநெல் வாங்கக் கோயில் படி மாதிரி ஏறோணுமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்களின் கடைக்குள் அடுத்த மாரியில் வள்ளம் போனது. ஒதுங்கி நிற்க என் படிக்கு வந்தவர்களிடம், "கோயில் படிதானே, செருப்பக் கழட்டிப்போட்டு ஏறுங்க" என்றேன். நனைந்துகொண்டே கழற்றினார்கள்.

கூரைத் தகட்டுச் சீற்றுகளுக்கு நான் ஆணி அடிக்கவில்லை. எல்லாம் வளைத்த கம்பிக் கொக்கியும் நட்டும். ஒவ்வொரு கைமரத்தையும் சுவரின் உச்சியில் ஓடும் கொங்கிறீற் வளையத்தோடு இரும்புப் பட்டியால் கட்டினேன். மின்சாரப் பிளக்குகளைத் தோள் உயரத்தில் வைத்தேன். கடை வாசலின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் பதித்து, மேலிருந்து பலகை இறக்கி, இடுக்கில் பொலித்தீனும் களிமண்ணும் திணிக்கிற மாதிரிச் செய்தேன். யன்னல் ஒவ்வொன்றுக்கும் அளவாகப் பலகை வெட்டி அடுக்கினேன். மேல்மாடியின் மேற்கு மூலையில் ஒரு அறைக்கு மட்டும் கொங்கிறீற் தட்டுப் போட்டேன். மற்றதெல்லாம் போனாலும் அது நிற்க வேண்டும் என்பது என் கணக்கு.

காலநிலை மாறிவிட்டது, கடைக் கட்டடங்களை அதற்குத் தயார்ப்படுத்த வேண்டும் என்று பட்டினத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். நல்ல படங்கள்தான். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் எழும்பி, முன்பு ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகையில் கொட்டி மார்கழியில் அடங்குகிற மழை இப்போது வெயில் அடிக்கும்போதே வாவியை ஏற்றிவிடுகிறது என்பதில் தொடங்கி, கொக்கி, நட்டு, களிமண் வரைக்கும் சொன்னேன். சாப்பாட்டுப் பார்சல் ஆறிப்போய்விட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த காத்தான்குடிப் புடவைக் கடைக்காரர், "அண்ணன், புயலுக்கும் ஒரு முடிவு இருக்கி, உங்கட பேச்சுக்கு இல்லியே" என்றார். அடுத்த மாதமே ஆள் அனுப்பி என் கொக்கியின் அளவைக் கேட்டு வாங்கினவரும் அவர்தான்.

எனக்கு ஆண்பிள்ளை இல்லை. இரண்டு பெண்கள். எங்கள் பக்கத்தில் வீடு வாசல் பெண்ணுக்கு. கட்டுகிறவன் தகப்பன், வீட்டுப் பூட்டின் திறப்பு கைமாறிய நாளிலிருந்து அவன் அந்த வீட்டுக்கு விருந்தாளி. மகள் வா என்று சொல்லாமல் அவளுடைய வாசற்படியை மிதிக்கிற தகப்பனை ஊர் மதிக்காது. நானும் மதித்ததில்லை. மூத்தவளுக்குக் கீழ்மாடியையும் பின்வளவையும், இளையவளுக்கு மேல்மாடியையும் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியோடு பின்வளவு அறைக்குப் போனேன். இரண்டு பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்ததாக நான் நினைத்தேன். மூத்தவள் அப்படி நினைக்கவில்லை.

"அவளுக்குக் காத்து, எனக்குத் தண்ணியா? நல்லாப் பிரிச்சீங்க அப்பா" என்றாள்.

அந்த நாளிலிருந்து அக்காவும் தங்கையும் கதைப்பதில்லை. ஒரே கட்டடத்தில், ஒரே சுவருக்குள், வருடக்கணக்காக. தங்கை படியால் இறங்கும் சத்தம் கேட்டால் அக்கா முகத்தைத் தராசுப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

மூத்தவளின் புருசனுக்குக் கட்டார் நாட்டில் வேலை. அவள் தனியாக நின்று விதைநெல்லும் உரமும் விற்றாள். கெட்டிக்காரி, என்னைப் போல. இளையவளின் புருசன் மேல்மாடியைக் கலியாண மண்டபமாக்கினான். நான் மூட்டை ஏற்றுவதற்காக முகப்பில் வைத்த அகலமான மரக்கதவையும் கப்பியையும் கழற்றி எறிந்துவிட்டு, வடக்குப் பார்த்து முழுக்கக் கண்ணாடி போட்டான். மாப்பிள்ளை பொம்பிளை வாவியைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கவாம்.

"தம்பி, இதுக்கும் அளவாப் பலகை அடிச்சு வை" என்றேன்.

"மாமா, இவ்வளவு பெரிய பலகையத் தூக்க யானைதான் பிடிக்கோணும்" என்று சிரித்தான். பலகை அடிக்கவில்லை.

போன மாரியில் புயல் வருகிறது என்றார்கள். நான் கட்டடம் முழுவதையும் மூடினேன். இளையவளிடம் சொல்லி, அன்றைக்கு இருந்த கலியாணத்தை வேறு மண்டபத்துக்கு அனுப்ப வைத்தேன். புயல் வடக்கே திரும்பிப் போய்விட்டது. நல்ல வெயில். அந்தக் கலியாணப் பெண்ணின் தகப்பன் ரோட்டில் நின்று, "கிழவன் வெயிலுக்கும் பலகை அடிச்சிருக்கான்" என்று கத்திச் சிரித்தான். என் இளையவளுக்கு அது பெரிய அவமானம். எனக்கு இல்லை. வராத புயலுக்கு மூடுவது நட்டமில்லை என்பது என் கொள்கை. அந்தக் கொள்கைக்கு அவள் மண்டபம் பலியானது என்று அவள் சொன்னாள்.

இந்த மாரியில் முதல் மழையிலேயே விதைத்த வயல் வட்டையெல்லாம் அழுகியது. மண்டூர்ப் பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வயற்காரர் மறுபடி விதைக்க நெல் கேட்டு வரத் தொடங்கினார்கள். மூத்தவள் கிடைத்த இடமெல்லாம் தேடி விதைநெல் வாங்கிக் கடை நிறைய அடுக்கினாள். வெள்ளம் வடிந்ததும் தருவதாக எல்லாருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டாள். அது போனால் அவளுடைய பெயரும் போய்விடும், அந்த வயற்காரர்களுக்கு அந்தப் போகமும் போய்விடும். விதைநெல் ஒருமுறை நனைந்தால் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும். காய வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

புயல் என்றார்கள். காலையிலிருந்து வாடைக்காற்று ஊதியது. முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை. மணல்திட்டை வெட்டிக் கடலுக்குள் தண்ணீரை விடும் வரைக்கும் வாவிக்குப் போக வேறு இடமில்லை. எங்கள் ரோட்டுக்குத்தான் வரும். மத்தியானம் தண்ணீர் என் முதற்படியை நக்கியது. நான் பலகைகளை இறக்கிக் களிமண் திணித்தேன். ஆனாலும் ஏறுகிற வேகத்தைப் பார்த்தபோது, இந்த முறை பலகைக்கு மேலால் வரும் என்று தெரிந்துவிட்டது.

கடைக்குள் மூத்தவள் மூட்டை மேல் கைகட்டிக்கொண்டு இருந்தாள்.

"மேல ஏத்துவம் மகள்."

"அவள்ர படியில ஏறிக் கெஞ்சச் சொல்றீங்களா?"

"நனைஞ்சா முளைச்சிடும்."

"முளைக்கட்டும். கடைக்குள்ளயே வயல் செய்யிறன்."

நான் படிக்கட்டின் அடிக்குப் போனேன். மேலே இரும்புக் கதவுக்குப் பின்னால் இளையவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் மண்டபம் சோடித்திருந்தது. மறுநாளைக்குக் கலியாணம். மணவறை வைத்து, கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போட்டு, நிலமெல்லாம் சிவப்புக் கம்பளம்.

"கதவத் திற மகள். விதைநெல்ல மேல் அறைக்குள்ள வைக்கோணும்."

"ஆர்ர நெல்லு?"

"அக்காட."

"அக்கா கேட்டவவா?"

"நான் கேக்கிறன்."

"போன முறையும் நீங்கதான் கேட்டீங்க. இண்டைக்கு ஏலாது. நாளைக்கு இந்தக் கம்பளத்தில பொண்ணு நடக்கப் போறாள். மூட்டையும் சேறுமாக் காலடி பட்டா என்ட மண்டபத்துக்கு இனி ஆரும் வரமாட்டாங்க."

மருமகன் அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "புயல் இந்தப் பக்கம் வராது மாமா. போனில காட்டுது, பாருங்க."

"போனில தண்ணி காட்டுதா?"

"அது காட்டாது."

"அப்ப இறங்கி வந்து காலால பாரு."

இறங்கி வரவில்லை. இளையவள், "இந்தப் படியில ஒரு மூட்டையும் ஏறாது" என்று சொல்லிக் கதவைப் பூட்டினாள்.

நான் அந்தக் கதவைத் தள்ளவில்லை. அவள் வீட்டு வாசல் அது. நான் எழுதிக் கொடுத்தது. ரோட்டுக்கு வந்தேன். கடைத்தெருவின் கூரைகளுக்குக் கீழே ஒதுங்கி நின்ற நாட்டாமைகளைக் கூப்பிட்டேன். வேறு எந்த முதலாளி கூப்பிட்டாலும் அந்த மழைக்கு வந்திருக்கமாட்டார்கள். லொறியைப் பின்னால் எடுத்து முகப்புக்குக் கீழே நிறுத்தினேன். லொறித் தட்டிலிருந்து மேலே ஏணி சாத்தினேன். இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு நானே ஏறினேன். இந்த வயதில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருமகன் ஓடி வந்து கையை விரித்துக்கொண்டு நின்றான். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. விலகு என்று கை காட்டினேன். விலகினான். கீழ் மூலையில் ஒரே குத்து. முழுக் கண்ணாடியும் கற்கண்டு கொட்டினது போல அப்படியே உதிர்ந்தது. வாடைக்காற்று என்னைத் தாண்டி மண்டபத்துக்குள் போனது. மணவறையில் தொங்கிய பூச்சரமெல்லாம் பின்பக்கம் எழும்பியது.

அது தெரியாமல் நான் செய்யவில்லை. முகப்பைத் திறந்தால் மண்டபத்துக்குள் ஒன்றும் மிஞ்சாது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதை மூடப் பலகையும் இல்லை. அந்தக் கண்ணாடி நின்றிருக்கும் என்று மருமகன் இன்றைக்கும் சொல்கிறான். நின்றிருக்காது என்று நான் சொல்கிறேன். அதை இனி யாரும் பரீட்சித்துப் பார்க்க முடியாது. அந்த நேரம் என்னால் ஒரு மகளின் சாமானைத்தான் காப்பாற்ற முடிந்தது. கதிரையும் கம்பளமும் எந்த மாதமும் வாங்கலாம். விதைக்கிற காலம் போனால் போனதுதான். இதை முடிவெடுக்க எனக்கு ஏணி ஏறும் நேரம் போதுமாக இருந்தது.

இளையவள் கத்தவில்லை. மணவறைக்குப் போய், பொம்பிளை இருக்கிற கதிரையில் இருந்தாள்.

"வாசலால வந்திருந்தா தள்ளி விட்டிருப்பன். அதுக்குத்தானே இப்பிடி வந்தீங்க" என்றாள்.

"உன்ட வாசல நான் மிதிக்கல்ல."

"ஓம். நெஞ்சில மிதிச்சிட்டீங்க."

நாட்டாமைகள் மூட்டையோடு ஏணியால் ஏறி, கண்ணாடித் துகளை மிதித்து, சேற்றுக் காலால் கம்பளத்தில் நடந்து, கொங்கிறீற் அறைக்குள் கொண்டுபோய் அடுக்கினார்கள். அவளைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் மட்டும், "தங்கச்சி, மன்னிச்சுக்கொள்" என்று முணுமுணுத்தான். "கதைக்காம நட" என்று அவனை அதட்டினேன். கதைத்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் மூட்டை சரியும்.

எல்லாம் ஏறியதும் நாட்டாமைகளை அனுப்பிவிட்டு மருமகனிடம், "தெற்குப் பக்க யன்னல் எல்லாத்தையும் திற" என்றேன்.

"அதையுமா?"

"கூரை வேணுமெண்டா திற. வந்த காத்து போகோணும்."

அழுதுகொண்டே திறந்தான். ஆம்பிளை அழுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. திரும்பிக்கொண்டேன்.

பொழுதுபடும் நேரம் கடைப் பலகைக்கு மேலால் தண்ணீர் சரிந்தது. என் மனைவியை ஏணியால் ஏற்றினேன். மூத்தவள் ஏணிப் பக்கம் வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்து படிக்கட்டுக்குப் போய், இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டவில்லை, கூப்பிடவில்லை. நான் மேலே இருந்து பார்த்தேன். இளையவள் மணவறையிலிருந்து எழும்பிப் போய்ப் பூட்டைத் திறந்தாள்.

"வா அக்கா."

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

காற்று முழுதாக வந்தபோது நாங்கள் ஐந்து பேரும் அந்த அறைக்குள் விதைமூட்டை மேல் இருந்தோம். கதவுக்கு வெளியே மண்டபம் ஒவ்வொன்றாகப் போனது. கதிரைகள் உருண்டு சுவரில் மோதின. மணவறை முறிகிற சத்தம் தனியாகக் கேட்டது. மேல்தட்டுச் சோடனை கிழிந்து ஒரு மிருகம் போல அலறிக்கொண்டு தெற்கு யன்னலால் போனது. ஒவ்வொரு சத்தத்துக்கும் இளையவள் அது என்ன சாமான் என்று மெதுவாகப் பெயர் சொன்னாள். மூத்தவள் அவளுடைய கையைப் பிடித்திருந்தாள்.

"கூரை நிக்குது, கேக்குதா?" என்றேன்.

மனைவி முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

விடிந்து பார்த்தபோது கீழே தராசு மேசை மூழ்கிக் கிடந்தது. மண்டபத்தில் நிலமும் சுவரும்தான் மிச்சம். அறைக்குள் ஒரு நெல்லுக்கூட ஈரமில்லை. முகத்துவாரம் வெட்டித் தண்ணீர் இறங்கியதும் வயற்காரர் வரிசையில் நின்றார்கள். மூத்தவள் வாக்குக் கொடுத்த எல்லாருக்கும் கொடுத்தாள். இந்தப் பக்கத்தில் மறுபடி விதைத்த வட்டைகளில் பாதி அவளுடைய நெல். அதாவது என்னுடைய அலவாங்கு.

நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன். ஊர் வேறு விதமாகக் கதைத்தது. மூத்தவள் ஏவிவிட்டாள், கிழவன் உடைத்தான், தங்கச்சியின் கலியாண மண்டபத்தைத் தின்று அக்கா விதை விற்றாள் என்று கதைத்தது. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு போன அந்தக் கலியாணக்காரர் போகிற இடமெல்லாம் இதையே சொன்னார்கள். வயற்காரனும் விதையை லொறியில் ஏற்றிக்கொண்டு அதையே சொன்னான்.

ஒருநாள் காலையில் மகள்மார் இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கூப்பிட்டார்கள். மேலே, வெறும் மண்டபத்தில், ஒரு பாயில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தரவில்லை.

"நான் உங்களக் கேட்டனானா அப்பா?" என்றாள் மூத்தவள்.

"நானில்லையெண்டா உன்ட விதை எங்க?"

"தண்ணிக்குள்ள. வெள்ளத்தில போச்செண்டு ஊர் பாவம் பார்த்திருக்கும். இப்ப என்னப் பார்த்துக் காறித் துப்புது."

"துப்பினவனும் உன்ட விதையத்தானே விதைச்சான்?"

"அதாலதான் சொல்றன். இனி இந்தக் கட்டடத்தில நீங்க ஒண்டும் செய்ய வேண்டாம். பின் அறை என்ட உறுதிக்குள்ள வருது. அது எனக்கு வேணும், உரம் வைக்க."

நான் இளையவளைப் பார்த்தேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் கதைக்காமக் கிடந்தீங்க. நான்தான் கதைக்க வச்சிருக்கன்" என்றேன்.

"ஓம் அப்பா. உங்களப் பற்றித்தான் கதைக்கிறம்" என்றாள் இளையவள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது சிரித்த மாதிரி.

என் சாரன்களை மனைவி ஒரு பையில் அடுக்கினாள். சித்தாண்டிக்குப் போகிற பக்கம் எனக்கு ஒரு வயல் துண்டும் காவல் வாடிக் குடிசையும் இருக்கிறது. பழைய நெல்மூட்டை வியாபாரத்தில் வாங்கியது. யாருக்கும் எழுதிக் கொடுக்காதது அது ஒன்றுதான்.

"உன்ட உடுப்பு எங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க வாற? தாய் பொம்பிளைப் பிள்ளையளோட இருக்கிறதுதானே நம்மட வழக்கம். நீங்கதான் வழக்கத்த மீறாத ஆளாச்சே" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

ஓட்டோ வந்தது. மூத்தவளின் கடையில் ஆட்கள் நின்றார்கள். அவள் வெளியே வரவில்லை. மருமகன் பையைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். ஏறப்போகும்போது மேலே இளையவள் நின்றாள், கண்ணாடி இல்லாத முகப்பில், விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

"அப்பா, தெற்கு யன்னல் திறந்தபடியாத்தான் கூரை நிண்டது. நீங்க சொன்னது சரிதான்."

"அதத்தான் நான் எல்லாருக்கும் சொல்றன்."

"சரிதான் அப்பா. ஆனா அதுக்குக் கீழ ஒண்டுமில்ல."

ஓட்டோக்காரன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நீ ரோட்டைப் பார் என்றேன். பாலத்தில் ஏறும் வரைக்கும் நான் கூரையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அந்தச் சந்தியில் எத்தனையோ கூரை போய்விட்டது. என்னுடையதில் ஒரு சீற்றும் விலகவில்லை.